தூத்துக்குடிக்கு டிக்கெட் எடுத்து சென்னையில் இறங்கினார்!

தாராவியில் என் பக்கத்து வீட்டு அண்ணாச்சிக்கு சென்னையில் தங்கை மகள் கல்யாணம். தாய்மாமன் அல்லவா? பட்டுப்புடவை, குத்துவிளக்கு எல்லாம் வாங்கிப் பெட்டியில் அடுக்கிவிட்டார். ரயிலில் இடம் இல்லை. விமானத்தில் போக முடிவு செய்தார்.

மும்பையில் இருந்து சென்னைக்கு நேர் டிக்கெட் விலை எக்கச்சக்கம். அதே நாளில் சென்னை வழியாகத் தூத்துக்குடி போகும் டிக்கெட் அதைவிட மலிவு என்று அவருடைய மகன் கண்டுபிடித்தான். போக, வர சேர்த்தே எடுத்துவிட்டான்.

"சென்னையில் இறங்கிக்கொள்ளுங்கள், அப்பா. யார் கேட்கப் போகிறார்கள்?"

யாரும் கேட்கவில்லை. அண்ணாச்சி இறங்கினார். பெட்டி இறங்கவில்லை! அது தூத்துக்குடி போய்ச் சேர்ந்தது. முகூர்த்த நேரத்தில் தாய்மாமன் வெறுங்கையோடு நின்றார். திரும்பும் நாளில் சென்னை விமான நிலையத்துக்குப் போனால், "உங்கள் டிக்கெட் ரத்தாகிவிட்டது" என்றார்கள். அன்றைய விலைக்குப் புது டிக்கெட் வாங்கி ஊர் வந்தார்.

"ரயிலில் இப்படித்தானே தம்பி இறங்குவோம்?" என்று என்னிடம் கேட்டார். ரயில்வே குமாஸ்தாவான எனக்கு அந்தக் கேள்வி நியாயமாகவே பட்டது.

ரயில் கணக்கு வேறு

மும்பையில் இருந்து நாகர்கோவில் வரை டிக்கெட் எடுத்து மதுரையில் இறங்கினால் குற்றம் இல்லை. மிச்சப் பணம் கிடைக்காது, அவ்வளவுதான். ரயில் கட்டணம் கிலோமீட்டர் கணக்கு. தூரம் கூடினால் கிலோமீட்டருக்கு உள்ள வீதம் குறையும். மொத்தக் கட்டணம் குறையாது. இடம் கிடைக்கும் என்பதற்காகவே நம்மவர்கள் கூடுதல் தூரத்துக்கு எடுக்கிறார்கள்.

விமானத்திலோ கிராக்கியும் போட்டியும்தான் விலையைத் தீர்மானிக்கின்றன. நேராகப் போக ஆள் நிறைய உண்டு. நடுவில் காத்திருந்து மாறிப் போவதற்கு, விலையைக் குறைத்தால்தான் ஆள் வரும். ஆகவே பக்கத்து ஊர் அதிகம், தூரத்து ஊர் குறைவு என்ற விந்தை நடக்கிறது.

அமெரிக்காவில் 1978ல் விமானக் கட்டணத்தின் மீது அரசுக்கு இருந்த பிடியைத் தளர்த்திச் சட்டம் வந்தது. சனிக்கிழமை இரவு வெளியூரில் தங்கினால்தான் சலுகை என்று கம்பெனிகள் நிபந்தனை போட்டன. வியாபார விஷயமாகப் போகிறவர் வெள்ளிக்கிழமையே வீடு திரும்புவார். அவரிடம் முழுக் கட்டணம் கறக்கலாம் என்ற திட்டம். அவர்கள் சளைத்தவர்களா? இரண்டு சலுகை டிக்கெட் வாங்கினார்கள். ஒன்றில் போனார்கள், மற்றதில் திரும்பினார்கள். அப்படியும் பணம் மிச்சம்!

கோர்ட்டுக்குப் போன கதை

கம்பெனிகள் சும்மா இருக்கவில்லை. ஆஸ்லோ வரை டிக்கெட் எடுத்து பிராங்பர்ட்டில் இறங்கி பெர்லின் போன ஒருவர் மீது, 2 ஆயிரம் ஐரோவுக்கு மேல் கேட்டு ஜெர்மனியின் லுப்தான்சா வழக்குப் போட்டது. 2018ல் பெர்லின் கோர்ட்டு அதைத் தள்ளிவிட்டது. அமெரிக்காவில் இப்படி மலிவு வழி காட்டும் 'ஸ்கிப்லாக்ட்' இணையதளத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தொடுத்த வழக்கில், அது 94 லட்சம் டாலர் தர வேண்டும் என்று 2024ல் ஜூரிகள் தீர்ப்புச் சொன்னார்கள்.

கோர்ட்டு வரை போகாவிட்டாலும் வம்பு உண்டு. ஒரு பகுதியை விட்டுவிட்டால், அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் ரத்து. கொடுத்த பெட்டி கடைசி ஊருக்கே போகும். கைப்பெட்டி மட்டும் என்றாலும், விமானம் நிறைந்துவிட்டால் அதையும் வாங்கிக் கீழே போட்டுவிடுவார்கள். சென்னை விமானம் ரத்தானால் பெங்களூர் வழியாகத் தூத்துக்குடிக்கு அனுப்புவார்கள். போவதற்கு ஒன்று, வருவதற்கு ஒன்று என்று தனித்தனியாக எடுத்திருந்தால் அண்ணாச்சிக்குத் திரும்பும் டிக்கெட்டாவது தப்பியிருக்கும்.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. பயன்படுத்தாத டிக்கெட்டுக்கும் வரி, விமான நிலையக் கட்டணம் ஆகியவற்றைத் திருப்பித் தர வேண்டும் என்பது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குனரகத்தின் விதி. அதைக் குறிப்பிட்டு அண்ணாச்சிக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பெட்டி போன வாரம் வந்துவிட்டது. புடவையைத் தபாலில் அனுப்புவதா, நேரில் கொண்டுபோய்க் கொடுப்பதா என்று வீட்டில் இன்னும் பேச்சு முடியவில்லை.