செவிவழிக் கல்வியும் முதியோரும்

திருக்குறளில் கல்வி, கல்லாமை என்னும் இரண்டு அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என்னும் அதிகாரம் அமைந்துள்ளது. நூல் கற்கும் வாய்ப்பை இழந்தவனும் செவியின் வாயிலாக அறிவு பெறலாம் என்பது அங்குக் கூறப்படும் கருத்துகளுள் ஒன்று. முதியோர் கல்விக்கு இது பெரிதும் பொருந்துவதாகும். ஒலிப்பதிவும் காணொளியும் வலையொலியும் கைப்பேசி வழியே வீடுதோறும் வந்துவிட்ட இந்நாளில், அவற்றைக் கொண்டு முதியோர்க்கு எங்ஙனம் கற்பிப்பது என்பது ஆசிரியர்கள் ஆராய வேண்டிய வினாவாம்.

கெடா மாநிலத்தில் இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. தோட்டங்களில் பால்மரம் சீவி வாழ்ந்து, பின்னர்ச் சுங்கை பட்டாணி, கூலிம் முதலிய ஊர்களின் தாமான்களில் குடியேறிய மூத்தோருள், இளமையிலேயே பள்ளியை விட்டவர் பலர். அத்தகைய மூதாட்டி ஒருவர் அரசாங்க மருத்துவமனையில் மாத்திரை பெறுகிறார் என்று கொள்வோம். பையின்மேல் ‘செபெலும் மாக்கான்’ என்றோ ‘செலெபாஸ் மாக்கான்’ என்றோ மலாயில் அச்சிட்டிருக்கும். சந்தையிலும் பேருந்திலும் கேட்டுப் பழகிய அச்சொற்களை அவர் செவி நன்கு அறியும், கண்ணோ அறியாது. உணவுக்கு முன்னா, பின்னா என்று தெரியப் பேரப்பிள்ளையை எதிர்பார்க்கிறார். பிள்ளை வீட்டில் இல்லாத நாளில் மருந்து முறை தவறுகிறது. செவி அறிந்த சொல்லைக் கண்ணும் அறியச் செய்வதே முதியோர் ஆசிரியரின் முதற்பணி என்பது இதனால் விளங்கும்.

இப்பணிக்கு ஒலிப்பதிவு தக்க துணை. ஆயினும், கருவியை ஒலிக்கவிட்டால் மட்டும் போதுமா? 1956-ஆம் ஆண்டில் இந்தியாவில் நடந்த ஓர் ஆய்வு இதற்கு விடை தருகிறது. கனடாவில் 1941 முதல் நடைபெற்ற பண்ணை வானொலி மன்றங்களைப் பின்பற்றி, யுனெஸ்கோவின் உதவியுடன், அன்றைய பம்பாய் மாநிலத்தில் 150 சிற்றூர்களில் மன்றங்கள் அமைக்கப்பட்டன. புனே வானொலி வாரம் இருமுறை அரைமணி நேரம் உழவர்க்காக ஒலிபரப்பியது. கேட்டு முடித்ததும் மன்றத்தார் அப்பொருள் பற்றிக் கலந்து பேசினர். தீராத ஐயங்களை நிலையத்துக்கு எழுதியனுப்பினர். பின்வந்த ஒலிபரப்புகளில் விடை பெற்றனர். வானொலிப் பெட்டி இருந்தும் மன்றம் இல்லாத ஊர்களைவிட, மன்றம் இருந்த ஊர்களிலேயே அறிவு வளர்ச்சி மிகுந்து காணப்பட்டது. பெட்டி ஈரிடத்தும் இருந்தது. கலந்துரையாடல் ஓரிடத்தில் மட்டுமே இருந்தது.

இந்நூற்றாண்டில் தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில், காமன்வெல்த் கற்றல் அமைப்பின் துணையோடு விடியல் என்னும் தொண்டு நிறுவனம், ஆடு வளர்க்கும் பெண்களுக்குக் கைப்பேசியில் குறுகிய குரற்செய்திகளை அனுப்பிக் கற்பித்தது. அவர்களும் தனித்தனியே நின்றவர் அல்லர். சுயஉதவிக் குழுக்களில் ஒன்றுகூடிப் பழகியவர்கள்.

இவற்றிலிருந்து நம் வகுப்புகளுக்குச் சில முறைகளை வகுத்துக்கொள்ளலாம். பதிவு இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேற்படாதிருத்தல் நன்று. நீண்ட வலையொலியாயின் வேண்டிய பகுதியை மட்டும் எடுத்துக்கொள்க. கேட்பதற்கு முன்னரே ஒரு வினாவைத் தருக. பதிவை இடையில் நிறுத்தி, கேட்டதைத் தம் சொற்களில் கூறச் செய்க. மறுமுறை கேட்பித்த பின்னரே அச்சொற்களை அட்டையில் எழுதிக் காட்டுக. மருந்துப் பைகளையே வகுப்புக்குக் கொண்டுவரச் செய்தால், காதில் விழும் சொல்லைக் கையிலுள்ள பையில் தேடிக் கண்டுகொள்வர். காணொளியாயின் முதலில் ஒலியை அடக்கிப் படத்தை மட்டும் காட்டி, அதில் நடப்பதை அவர்களே சொல்லும்படி செய்யலாம்.

தமிழ் கற்பிக்கையில் மற்றொன்றும் கருதத்தக்கது. ‘சாப்பாட்டுக்கு முன்னாடி’ என்று பேசுவோர், ஏட்டில் ‘உணவுக்கு முன்’ என்று படிக்க நேர்கிறது. ஒரே செய்தியை முதலில் பேச்சு வழக்கிலும், அடுத்து எழுத்து வழக்கிலும் பதிவு செய்து கேட்பித்தால் இவ்விடைவெளி குறையும். அயலூர்க் குரலினும் அவ்வூர்ப் பெரியவர் ஒருவரின் குரல் இதற்கு மிகப் பொருந்தும்.

பலர் நடுவே ‘மறுபடியும் சொல்லுங்கள்’ என்று கேட்க முதியோர் நாணுவர். அந்நாணத்தாலேயே வகுப்பை விட்டு நின்றுவிடுவோரும் உண்டு. புலனத்தில் வந்த பதிவையோ தம் வீட்டில் வேண்டிய மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கலாம். தம் குரலிலேயே விடையும் அனுப்பலாம். ஆனால், அவ்விடையைக் கேட்டு மறுமொழி கூற ஆசிரியர் ஒருவர் இருத்தல் வேண்டும். அவர் இல்லையேல், அனுப்பிய பதிவு நாளடைவில் கேட்பாரற்றுப் போகும்.