ஊழியருக்கு கேன்சர்... கம்பெனி என்ன செய்யலாம்? பாலிசி தொகை மட்டும் ஏன் போதாது?

சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு ஐ.டி கம்பெனி. அங்கே வேலை பார்க்கும் 36 வயதுப் பெண்ணுக்கு மார்பகப் புற்றுநோய் உறுதியாகிறது என்று வைத்துக்கொள்வோம். ரிப்போர்ட் கைக்கு வந்த இரவு அவர் மொபைலில் தேடுவது சிகிச்சையைப் பற்றி மட்டுமல்ல. "லீவ் எத்தனை நாள் மிச்சம் இருக்கு? இன்ஷூரன்ஸ்ல எவ்வளவு வரும்? ஹெச்.ஆர்கிட்ட சொன்னா வேலைக்குப் பிரச்னை ஆயிடுமா?" இந்த மூன்று கேள்விகளும்தான் தூங்கவிடாது.

மூன்றுக்கும் பதில் பெரும்பாலும் கம்பெனியிடம்தான் இருக்கிறது. குளோபோகான் 2022 மதிப்பீட்டின்படி, இந்தியாவில் ஓராண்டில் புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்படுபவர்கள் சுமார் 14.1 லட்சம் பேர். ஆபீசில் ஒருவருக்கு வந்த பிறகு யோசிக்கலாம் என்று விட்டுவிடும் விஷயம் இல்லை இது.

வேலை போனால் இன்ஷூரன்ஸும் போகும்

கம்பெனி எடுத்துத் தரும் குரூப் மெடிக்கிளைம் பாலிசியில் ஒரு பெரிய வசதி உண்டு. ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கும் முதல் நாளிலிருந்தே கவரேஜ் தரும்படி பெரும்பாலான கம்பெனிகள் வாங்குகின்றன. அதே பாலிசியின் பெரிய பலவீனம், அது வேலையோடு கட்டப்பட்டிருப்பது. ராஜினாமா செய்தாலோ, வேலையை விட்டு அனுப்பப்பட்டாலோ கவரேஜும் நின்றுவிடும்.

புற்றுநோய் கண்டறியப்பட்ட பிறகு தனியாக ஒரு புது பாலிசி வாங்குவது லேசான காரியம் இல்லை. கிடைத்தாலும், ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு 36 மாதம் வரை காத்திருப்புக் காலம் வைக்க இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்கு அனுமதி உண்டு.

பிரிட்டனில் 2010-ம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி, புற்றுநோய் உறுதியான நாளிலிருந்தே அந்த ஊழியர் மாற்றுத்திறனாளியாகக் கருதப்பட்டுப் பாதுகாப்பு பெறுகிறார். இந்தியாவின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பட்டியலிடும் 21 குறைபாடுகளில் புற்றுநோய் இல்லை. அதனால் இங்கே ஒரு ஊழியரின் நிலையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது கம்பெனியின் பாலிசியும் மேனேஜரின் மனசும்தான். சிகிச்சை முடியும்வரை அவரை வேலைப் பட்டியலில் வைத்திருப்பதுதான் ஒரு கம்பெனி செய்யக்கூடிய முதல் உதவி, பெரிய உதவி.

5 லட்சம் என்றால் முழுசா 5 லட்சமா?

பாலிசியில் 5 லட்சம் என்று போட்டிருக்கும். ஆனால், ஓட்டை வேறு இடங்களில் இருக்கும்.

முதலாவது, அறை வாடகை வரம்பு. பாலிசி தொகையில் 1 சதவீதம் என்றால், ஒரு நாளைக்கு 5,000 ரூபாய். 8,000 ரூபாய் அறையில் சேர்ந்தால் மீதி 3,000 மட்டும்தான் கையிலிருந்து போகும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் கட்டணம் போன்றவையும் அதே விகிதத்தில் வெட்டப்படலாம். அந்தக் கட்டணங்கள் 2 லட்சம் என்றால், கிடைப்பது 1.25 லட்சம்தான். மருந்து, பரிசோதனைச் செலவுகளுக்கு இந்த விகித வெட்டு கிடையாது.

இரண்டாவது, நவீன சிகிச்சைகளுக்கான உள்வரம்பு. இம்யூனோதெரபி, மாத்திரை வடிவ கீமோ உள்ளிட்ட 12 நவீன சிகிச்சைகளை பாலிசியிலிருந்து விலக்கக் கூடாது என்று ஐ.ஆர்.டி.ஏ.ஐ. சொல்லியிருக்கிறது. ஆனால், அவற்றுக்கு உள்வரம்பு வைக்கலாம். 5 லட்சம் பாலிசியில் இம்யூனோதெரபிக்கு அதில் பாதிதான் என்று இருந்தால், அது தெரியவருவது கிளைம் போடும் நாளில்தான்.

மூன்றாவது, காலம். சிலவகை மார்பகப் புற்றுநோய்க்குத் தரப்படும் டிராஸ்டுசுமாப் ஊசியை 3 வாரத்துக்கு ஒன்று என ஏறத்தாழ ஒரு வருடம் போட வேண்டும். நடுவில் பாலிசி ரினியூவல் வரும். அப்போது கம்பெனி செலவைக் குறைக்க இன்ஷூரரையோ நிபந்தனைகளையோ மாற்றினால், பாதி சிகிச்சையில் இருப்பவர் நடுத்தெருவில் நிற்பார்.

கம்பெனிக்குக் கட்டுப்படியாகுமா?

கம்பெனிகளின் கவலையும் நியாயமானதுதான். குரூப் பாலிசியின் அடுத்த வருட பிரீமியம், இந்த வருட கிளைமைப் பார்த்துத்தான் தீர்மானிக்கப்படுகிறது. 60 பேர் வேலை பார்க்கும் இடத்தில் ஒரே ஒரு பெரிய கிளைம் வந்தாலும் கணக்கு எகிறிவிடும். அதற்காக எல்லோருடைய கவரேஜையும் வெட்டுவதைவிட நல்ல வழிகள் இருக்கின்றன.

• கார்ப்பரேட் பஃபர்: எல்லோருக்கும் பொதுவாக வாங்கி வைக்கும் கூடுதல் தொகை. ஒருவருடைய 5 லட்சம் தீர்ந்துபோனால் இதிலிருந்து எடுக்கலாம். எல்லோரின் பாலிசி தொகையையும் இரண்டு மடங்காக்குவதைவிட இதற்குச் செலவு குறைவு.

• சூப்பர் டாப்-அப்: வருடத்தின் மொத்தச் செலவு குறிப்பிட்ட தொகையைத் தாண்டிய பிறகு கைகொடுக்கும். கம்பெனி ஏற்பாடு செய்து, பிரீமியத்தை ஊழியரும் பகிர்ந்துகொள்ளலாம்.

• கிரிட்டிக்கல் இல்னெஸ் பாலிசி: நோய் உறுதியானதும் மொத்தமாக ஒரு தொகை தரும். போக்குவரத்து, சம்பள இழப்பு போன்ற, ஆஸ்பத்திரி பில்லில் வராத செலவுகளுக்கு உதவும். மிக ஆரம்பநிலைப் புற்றுநோய் இதில் பெரும்பாலும் விலக்கப்பட்டிருக்கும். அதைப் பார்த்து வாங்க வேண்டும்.

• செகண்ட் ஒப்பீனியன்: தவறான அல்லது தேவையற்ற சிகிச்சையைவிடச் செலவு பிடிப்பது வேறில்லை. 1954 முதல் இயங்கும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை போன்ற இடங்களில் இன்னொரு கருத்து பெற, கம்பெனி ஒரு நாள் லீவும் கட்டணமும் தரலாம். இந்தியாவிலேயே தயாராகும் பயோசிமிலர் மருந்து பொருந்துமா என்றும் டாக்டரிடம் கேட்கலாம். ஆனால், முடிவு டாக்டரும் நோயாளியும் எடுக்க வேண்டியது. ஹெச்.ஆர். அல்ல.

• பரிசோதனை: வழக்கமான மாஸ்டர் ஹெல்த் செக்-அப்பில் சர்க்கரை, கொழுப்பு எல்லாம் இருக்கும்; வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைகள் பல இடங்களில் இருக்காது. மத்திய அரசின் திட்டம் 30 வயதிலிருந்தே இந்த மூன்றையும் பார்க்கச் சொல்கிறது. சீக்கிரம் கண்டுபிடித்தால் உயிருக்கும் நல்லது, கிளைமும் சின்னது.

12 நாள் லீவ்... 6 கீமோ

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 வருடத்துக்கு 12 நாள் வரை சம்பளத்துடன் நோய் விடுப்பு தருகிறது. 3 வாரத்துக்கு ஒன்று என 6 கீமோ என்றால், சுமார் 4 மாதம். ஒவ்வொரு முறையும் 3 நாள் ரெஸ்ட் எடுத்தாலே 18 நாள் ஆயிற்று. ஆபரேஷனும் ரேடியேஷனும் இன்னும் கணக்கில் வரவில்லை.

இந்த இடைவெளியை நிரப்ப கம்பெனிக்குப் பெரிய பட்ஜெட் தேவையில்லை. சக ஊழியர்கள் தங்கள் லீவைத் தானம் செய்யும் பொது லீவ் கணக்கு, கீமோ வாரத்தில் வீட்டிலிருந்தே வேலை, திரும்பி வரும்போது முதல் சில வாரம் அரைநாள் ஷிஃப்ட், நைட் ஷிஃப்டிலிருந்து விலக்கு ஆகியவை போதும். சிகிச்சைக்குப் பிறகும் அசதியும் மறதியும் மாதக்கணக்கில் நீடிக்கலாம். அதை அப்ரைசலில் "பெர்ஃபாமென்ஸ் குறைஞ்சிடுச்சு" என்று எழுதுவது நியாயமில்லை.

சம்பளம் 21,000-க்குள் இருக்கிறவர்களுக்கு...

அதே ஆபீசில் ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி வேலையில் இருப்பவர்களுக்கு குரூப் பாலிசி இருக்காது, இ.எஸ்.ஐ. இருக்கும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு கம்பெனி 3.25 சதவீதமும் ஊழியர் 0.75 சதவீதமும் கட்டுகிறார்கள். சிகிச்சை மட்டுமல்ல, புற்றுநோய் போன்ற நீண்டகால நோய்களுக்கு நீட்டிக்கப்பட்ட நோய்க்காலப் பலனாக, ஊதியத்தில் 80 சதவீதம் 2 ஆண்டு வரை கிடைக்க வழி உண்டு. குறைந்தது 2 ஆண்டு தொடர்ந்து வேலையில் இருந்திருக்க வேண்டும் என்பது முக்கிய நிபந்தனை.

கான்ட்ராக்டர் மாறும்போது இந்தக் கணக்கு அறுந்துபோகாமல், பழைய இ.எஸ்.ஐ. எண்ணே தொடர்கிறதா என்று பார்ப்பது கம்பெனி செய்ய வேண்டிய சின்ன வேலை. பைசா செலவில்லாமல் ஒரு குடும்பத்தின் இரண்டு வருட அடுப்பை அது எரியவைக்கும்.

மேனேஜர் என்ன பேசணும்?

"பாசிட்டிவா இருங்க, எல்லாம் சரியாயிடும்" என்பதைவிட, "டீம்ல யாருக்குச் சொல்லலாம், யாருக்குச் சொல்ல வேணாம்? உங்க வேலையில எதை நாங்க பார்த்துக்கணும்?" என்று கேட்பது உதவும். நோய் விவரம் அந்த ஊழியருக்குச் சொந்தமானது. அவர் அனுமதி இல்லாமல் வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது, நல்லெண்ணமாக இருந்தாலும், தவறு.

இன்றே ஹெச்.ஆரிடம் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. பாலிசியில் அறை வாடகை வரம்பு இருக்கிறதா?
2. இம்யூனோதெரபி, மாத்திரை கீமோவுக்கு உள்வரம்பு எவ்வளவு?
3. கார்ப்பரேட் பஃபர் இருக்கிறதா? அதை யார் அனுமதிக்கிறார்கள்?
4. லீவ் தீர்ந்த பிறகு, சம்பளமில்லா விடுப்பில் இருந்தாலும் இன்ஷூரன்ஸ் தொடருமா?
5. வேலையை விட்டால் இதே இன்ஷூரரிடம் தனிநபர் பாலிசிக்கு மாற வழி என்ன, எத்தனை நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்?

நான்காவது கேள்விக்கு "தெரியலையே, பார்த்துச் சொல்றேன்" என்று பதில் வந்தால், விடாமல் கேட்டு மெயிலில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. யாருக்கும் ஒன்றும் ஆகாத நாளில் கேட்டால்தான், ஹெச்.ஆருக்கும் அதைச் சரிசெய்ய நேரம் இருக்கும்.