கரும்பலகையில் கோழி வளர்த்தவர் பெயர்

பிரெஞ்சுச் சாப்பாடு என்றதும் வெள்ளைத் துணி விரித்த மேசையும் மயக்கம் வரவைக்கும் விலையும்தான் நமக்கு நினைவுக்கு வரும். ஆனால் அந்த நாட்டு மக்கள் வாடிக்கையாகப் போவது பிஸ்ட்ரோ என்ற சின்னக் கடைக்கு. நம்ம ஊர் மெஸ் மாதிரிதான். கணவர் அடுப்படியில், மனைவி பரிமாறுவதில், மொத்தமே பத்துப் பன்னிரண்டு மேசை.

லியோன் நகரத்தில் இதற்கு 'பூஷோன்' என்று தனி வகையே உண்டு. பட்டு நெசவுக்குப் பெயர்போன ஊர் அது. தறிக்காரர்களின் எளிய சாப்பாடுதான் இந்தக் கடைகளின் அடிப்படை. குடல், ஈரல் எதையும் வீணாக்க மாட்டார்கள். 'பட்டு நெசவாளியின் மூளை' என்று ஒரு பதார்த்தம் இருக்கிறது. பயந்துவிடாதீர்கள், புதுப் பாலாடைக்கட்டியில் வெங்காயம், பூண்டு, பச்சைத் தழைகள், எண்ணெய், காடி சேர்த்துக் கலக்கியது, அவ்வளவுதான்.

இந்த ஊர்ச் சமையலுக்குப் பெயர் வாங்கித் தந்தவர்கள் பெண்கள். பணக்கார வீடுகளில் சமைத்துவிட்டுப் பிறகு சொந்தக் கடை போட்டவர்கள். ஊரே அவர்களை 'அம்மா' என்றுதான் அழைத்தது. அவர்களில் ஒருவரான யூஜெனி பிராசியே, உழவர் வீட்டுப் பெண். 1921இல் கடை திறந்தார். 1933இல் அவருடைய இரண்டு உணவகங்களுமே மிஷ்லின் மூன்று நட்சத்திரம் பெற்றன.

மகளைப் பார்க்க லியோன் போயிருந்தபோது, இப்படி ஒரு குடும்பக் கடையில் மதியச் சாப்பாடு. மெனு அட்டை கிடையாது. கரும்பலகையில் முன்னுணவு மூன்று, முதன்மை உணவு மூன்று, இனிப்பு இரண்டு. கோழிக்குப் பக்கத்தில் அதை வளர்த்தவர் பெயரும் ஊரும்! பயறு சாலட்டும், காடி சேர்த்த குழம்பில் வெந்த கோழியும் சாப்பிட்டோம். ரொட்டிக்கும் குழாய்த் தண்ணீருக்கும் அங்கே தனிக் காசு இல்லை. நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அந்த அம்மா வந்து பலகையில் ஒரு வரியை ஈரத்துணியால் அழித்தார். தீர்ந்துபோச்சு!

வங்கியில் கடன் விண்ணப்பங்களைப் பார்த்துப் பழகிய கண் எனக்கு. அந்தப் பலகையில் ஒரு நல்ல கணக்கு தெரிந்தது. எட்டே பதார்த்தம் என்றால் சரக்கு தேங்காது, பணம் முடங்காது, மிச்சம் குப்பைக்குப் போகாது. அப்படி மிச்சமாகிற காசில்தான் நல்ல விளைபொருளுக்கு நல்ல விலை கொடுக்க முடியும்.

சட்டமும் கொஞ்சம் துணை நிற்கிறது. மாட்டிறைச்சி எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதை உணவகங்கள் 2002 முதல் எழுதிவைக்க வேண்டும். 2022இல் கோழி, பன்றி, ஆட்டு இறைச்சிக்கும் அது வந்துவிட்டது. 'வீட்டில் சமைத்தது' என்ற முத்திரை 2014இல் வந்தது. சட்டிக்கு மேல் கூரை வைத்த படம். கடையிலேயே மூலப்பொருளிலிருந்து சமைத்தது என்பது மட்டும்தான் இதற்கு அர்த்தம். உறைய வைத்த காய்க்கும் இதில் இடமுண்டு. இயற்கை விளைபொருளுக்கு 'ஏபி' என்ற வேறு முத்திரை இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

நமக்கு இதில் என்ன பாடம்? காலையில் நம் வயலில் எட்டுக் கிலோ கத்தரி, மூன்று கிலோ அவரை, இரண்டு கட்டு கீரை பறிக்கிறோம். வருஷம் முழுக்க ஒரே மெனு போடும் பெரிய ஓட்டலுக்கு இது உதவாது. நாளுக்கு நாள் சமையலை மாற்றக்கூடிய சின்ன மெஸ்ஸுக்கு உதவும். அப்படி ஒரு மெஸ் உங்கள் ஊரிலும் இருக்கும். மாதிரிக்குக் கொஞ்சம் காய் கொடுத்துப் பேசிப் பாருங்கள். நாளைக்கு என்ன வரும் என்பதை முதல் நாள் மாலையே சொல்லிவிடுங்கள். சொன்ன நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேருங்கள். விலை படிந்த பிறகு இன்னொன்றையும் கேளுங்கள்: பலகையில் நம்ம பேரையும் எழுதச் சொல்லுங்கள்.