மடங்கிய விரல் நிமிர்ந்தது!

காஞ்சிபுரம் நெசவாளிக்குக் கைதான் மூலதனம். நாடா எறியவும், அறுந்த இழையை முடியவும் விரல்கள் வேண்டும். விரல் மடங்கினால் தறி நிற்கும், அடுப்பும் அணையும்.

அப்படி விரலை மடக்கிவிடும் நோய், தொழுநோய். அந்த விரலை நிமிர்த்தும் வழி பிறந்தது எங்கே? பக்கத்து ஊரான செங்கற்பட்டில்!

இரும்புப் பிடி

1947-ம் ஆண்டு. வேலூர் டாக்டர் பால் பிராண்ட், செங்கற்பட்டு தொழுநோய் மருத்துவமனைக்கு வந்தார். கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர் அவர். விரல் மடங்கிய ஒரு நோயாளியிடம் கையை நீட்டினார். நோயாளி பிடித்தார். இரும்புப் பிடி! டாக்டருக்கு வலித்தது.

அப்படியானால், கையில் பலம் இருக்கிறது! நரம்பு கெட்டதால் சில தசைகள் மட்டுமே செயல் இழந்துள்ளன. நல்ல தசையின் நாரை எடுத்து, செயலற்ற விரலில் இணைத்தால் என்ன? வேலூரில் அறுவை சிகிச்சை நடந்தது. பிறகு பல வாரப் பயிற்சி. விரல்கள் நிமிர்ந்தன!

வலி ஒரு காவல்காரன்

நோயால் விரல் அழுகி விழுவதில்லை என்பதையும் அவர் கண்டார். உணர்ச்சி இல்லாததால் சூடும் வெட்டும் தெரிவதில்லை. கவனிக்காத புண்ணே விரலைத் தின்கிறது. மரத்துப்போன கையையும் காலையும் தினமும் பார்க்க வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கும் இது பொருந்தும்.

உணர்ச்சியற்ற தேமல் தெரிந்தால் மறைக்காதீர்கள். அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். நோய் குணமாகும். முந்திக்கொண்டால் விரல் மடங்காது, தறியும் நிற்காது!