காணாமற்போன குழந்தையும் கைப்பேசிச் செய்தியும்

திருப்பதி ரயில் நிலையத்து யாத்திரிகர் நெரிசலில் குழந்தை கைநழுவினால், அதைத் தேட வாட்ஸ்அப்பும் பேஸ்புக்கும் பெருந்துணையே. ஆயினும் முதற்கடமை வேறு. உடனே ரயில்வே பாதுகாப்புப் படையினரிடம் கூறுக; 1098 எண்ணை அழைக்க. காணாமற்போன குழந்தை குறித்த புகாரை வழக்காகப் பதிவு செய்தே ஆகவேண்டும் என 2013-ல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டுள்ளது.

பின்னர்ப் படத்தைப் பரப்பலாம். தேதி, இடம், உடை, காவல் நிலைய எண் ஆகியவை அதில் இருத்தல் வேண்டும். தேதியற்ற செய்தி, குழந்தை வீடு திரும்பிய பின்னும் ஊர்சுற்றும்.

வதந்தியோ உயிர் குடிக்கும். 2018 மே மாதம், பிள்ளை பிடிப்போர் பற்றிய வாட்ஸ்அப் புரளியை நம்பியோர், போளூரை அடுத்த அத்திமூரில், குலதெய்வ வழிபாட்டிற்குச் சென்ற சென்னை மூதாட்டியை அடித்தே கொன்றனர். குழந்தைகட்கு மிட்டாய் கொடுத்ததே அவர் செய்த குற்றம்!

பாலசமுத்திரத்தில் வந்து குடியேறிய அன்பர்களே, அயலாராய் ஐயுறப்படுவதன் துன்பம் நமக்குத் தெரியும். ஆதலின், விசாரித்தறியாத செய்தியை ஒருவர்க்கும் அனுப்பாதிருப்போமாக.