பூனைக்கு நீரிழிவு நோய்: தகுந்த கால்நடை மருத்துவரைத் தேர்ந்தெடுப்பது எவ்வாறு?

நீரிழிவு மனிதர்களுக்கு மட்டுமே உரிய நோயன்று. நடுவயதைக் கடந்த பூனைகளுக்கும், குறிப்பாக உடல் பருத்த, கருத்தடை செய்யப்பட்ட ஆண் பூனைகளுக்கும் இந்நோய் வருகிறது. வழக்கத்தைவிட மிகுதியாக நீர் அருந்துதல், அடிக்கடி சிறுநீர் கழித்தல், நன்றாக உண்டும் உடல் மெலிதல் ஆகியவை முதன்மை அறிகுறிகளாகும். சில பூனைகளுக்குப் பின்னங்கால் நரம்புகள் பாதிக்கப்படுவதால், விரல்களை ஊன்றி நடப்பதற்கு மாறாகக் குதிகால் தரையில் படியுமாறு நடக்கும். இதனை மூட்டு வலி எனக் கருதி வீட்டிலுள்ள வலி மாத்திரையைக் கொடுத்துவிடக் கூடாது. மனிதர்களுக்கான பாராசிட்டமால் ஒரு மாத்திரை கூடப் பூனையின் உயிரைப் பறிக்கக்கூடும்.

நோயைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து, இன்சுலினும் மாவுச்சத்துக் குறைந்த உணவும் முறையாக அளித்தால், சில பூனைகளுக்குச் சில மாதங்களில் இன்சுலின் தேவையே இல்லாத நிலை ஏற்படுகிறது. ஆகவே, நோய் கண்டறியப்பட்ட முதல் சில வாரங்களில் தாங்கள் எந்த மருத்துவரை நாடுகிறீர்கள் என்பது மிகவும் முக்கியமானது.

கொங்கு மண்டலத்தில் எங்கு செல்லலாம்?

இப்பகுதியின் கால்நடை மருத்துவம் கறவை மாடுகளையும், காங்கேயம் காளைகளையும், ஆடுகளையும், நாமக்கல் கோழிப் பண்ணைகளையும் சார்ந்து வளர்ந்ததாகும். நள்ளிரவில் தோட்டத்திற்கு வந்து, கன்று ஈன முடியாமல் தவிக்கும் பசுவைக் காப்பாற்றும் கைதேர்ந்த மருத்துவர் ஒருவர், இன்சுலின் பெறும் பூனையை இதுவரை பார்க்காமலே இருந்திருக்கலாம். இது அவரது திறமைக் குறைவன்று. எனினும் நீரிழிவுப் பூனைக்கு, அந்நோயில் பழக்கமுள்ள மருத்துவரே தேவை.

முதற்கட்டப் பரிசோதனைக்கு அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகம் அல்லது கால்நடை மருத்துவமனையை அணுகலாம். மேல்சிகிச்சை தேவைப்படின், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகள் இப்பகுதியிலேயே உள்ளன. நாமக்கல் கல்லூரி 1985-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. திருப்பூர் மாவட்டம் உடுமலைப்பேட்டைக் கல்லூரி 2020-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. கோயம்புத்தூர், பொள்ளாச்சி பகுதியினருக்கு உடுமலைப்பேட்டையும், ஈரோடு, கரூர் பகுதியினருக்கு நாமக்கல்லும் அருகில் அமையும். கோயம்புத்தூர் நகரில் செல்லப்பிராணிகளுக்கான தனியார் மருத்துவ மனைகளும் உள்ளன.

நீரிழிவு ஒரு நாளில் முடியும் சிகிச்சையன்று. எனவே நோயை உறுதி செய்து சிகிச்சைத் திட்டம் வகுப்பதற்குக் கல்லூரி மருத்துவமனையையும், தொடர் கண்காணிப்பிற்கு வீட்டிற்கு அருகிலுள்ள மருத்துவரையும் வைத்துக்கொள்வது நடைமுறைக்கு உகந்தது. அவ்வாறாயின் ஒரே குறிப்பேட்டில் எல்லா அளவுகளையும் எழுதி, இருவரிடமும் காட்டவும். 1962 என்ற கட்டணமில்லா எண்ணில் இயங்கும் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி பெரும்பாலும் பண்ணைக் கால்நடைகளுக்கு உதவுவது. பூனையின் நீரிழிவுக்கு அதனை மட்டும் நம்பியிருத்தல் கூடாது.

சிகிச்சை அளிப்பவர் மாநிலக் கால்நடை மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்றவரா என்பதை உறுதி செய்துகொள்ளவும். இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம், 1984-இன்படி, பதிவு பெற்ற மருத்துவரே கால்நடை மருத்துவத் தொழில் புரியலாம். ஊர்ப்புறங்களில் ஊசி போடவும் சினை ஊசிக்கும் வருபவர்கள் அனைவரையும் ‘டாக்டர்’ என்றே அழைக்கும் வழக்கம் உள்ளதால் இதனைக் குறிப்பிட வேண்டியுள்ளது.

ஒரே ஓர் அளவை வைத்து முடிவு செய்யலாகாது

பூனை அச்சமுற்றாலே அதன் இரத்தச் சர்க்கரை உயரும். கூடையில் அடைத்து, பேருந்திலோ இருசக்கர வாகனத்திலோ கொண்டு சென்று, குரைக்கும் நாய்களுக்கு நடுவே அரை மணி நேரம் காத்திருக்கச் செய்து எடுக்கும் இரத்தத்தில், நோயற்ற பூனைக்கும் சர்க்கரை அளவு 250 மில்லிகிராமைக் கடந்து காணப்படலாம். ஆகவே அந்த ஓர் அளவை மட்டும் கண்டு உடனே இன்சுலின் தொடங்குபவரிடம் சற்றுத் தயங்கவும். அனுபவமுள்ளவர் அறிகுறிகளைக் கேட்பார். சிறுநீரில் சர்க்கரையும் கீட்டோனும் உள்ளனவா எனப் பார்ப்பார். ஐயமிருப்பின், கடந்த ஓரிரு வாரங்களின் சராசரி நிலையைக் காட்டும் ஃபிரக்டோசமைன் பரிசோதனைக்கு அனுப்புவார். சிறுநீர்த் தொற்று, பல் ஈறு நோய், கணைய அழற்சி ஆகியவையும் சர்க்கரையைக் கட்டுப்படாமல் செய்வதால் அவற்றையும் தேடுவார்.

வீட்டில் பெரியவர்களுக்கு வைத்திருக்கும் குளுக்கோமீட்டர் பூனையின் சர்க்கரையை உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும் இயல்புடையது. அதனைப் பயன்படுத்துவதாயின் மருத்துவரிடம் தெரிவிக்கவும்.

இன்சுலினும் சிரிஞ்சும்

பெரும் விபத்துகள் நேரும் இடம் இதுவே. நம் மருந்துக் கடைகளில் இருவகைச் செறிவில் இன்சுலின் கிடைக்கிறது. பழக்கத்திலுள்ள பல குப்பிகளில் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் உள்ளது. அதற்குரிய சிரிஞ்சின் மூடி சிவப்பு. பூனைகளுக்குப் பெரிதும் பரிந்துரைக்கப்படும் கிளார்ஜின் இன்சுலினில் ஒரு மில்லிலிட்டருக்கு 100 யூனிட். அதற்குரிய சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு நிறம். மருத்துவர் 2 யூனிட் கிளார்ஜின் என்று எழுதியிருக்க, சிவப்பு மூடி சிரிஞ்சில் 2 என்ற கோடு வரை எடுத்தால், பூனையின் உடலில் 5 யூனிட் சென்றுவிடும். நான்கு கிலோ எடையுள்ள பூனைக்கு இது உயிருக்கே ஆபத்தான அளவு. கடைக்காரர் “இதுவும் இன்சுலின் சிரிஞ்சுதான்” என்று மாற்றிக் கொடுப்பதை ஏற்க வேண்டாம்.

எனவே மருத்துவரைத் தேர்ந்தெடுக்கும் முன் தொலைபேசியில் கேட்கத்தக்க கேள்வி இது: “பூனைக்கு எந்த இன்சுலின் எழுதுவீர்கள், அதற்கு எந்தச் சிரிஞ்சு வாங்க வேண்டும்?” இக்கேள்விக்குத் தெளிவாக விடையளித்து, மருந்துச் சீட்டிலும் இரண்டையும் எழுதித் தருபவர் நம்பத்தக்கவர். தங்கள் கையாலேயே முதல் ஊசியைப் போடச் செய்து, அருகிலிருந்து திருத்துபவராயின் இன்னும் நன்று. நாள்தோறும் இருவேளை, ஏறத்தாழ 12 மணி நேர இடைவெளியில் ஊசி போடப்போவது தாங்கள்தான், மருத்துவரல்லர்.

இன்சுலினைக் குளிர்சாதனப் பெட்டியில், உறையும் பகுதியில் வைக்காமல், 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்கவும்.

உணவு

பால்சோறும் தயிர்சோறும் உண்டு வளர்ந்த பூனைகள் நம் வீடுகளில் ஏராளம். பூனை இயல்பில் ஊனுண்ணி. நீரிழிவுப் பூனைக்குச் சோற்றைக் குறைத்து, வேகவைத்த கோழி, மீன், முட்டை போன்ற புரத உணவைக் கூட்டுமாறு மருத்துவர் கூறக்கூடும். ஆயின் அதனைத் தாங்களாகத் திடீரெனச் செய்தல் கூடாது. மாவுச்சத்துக் குறைந்தால் இன்சுலின் தேவையும் குறையும். பழைய அளவிலேயே ஊசி தொடர்ந்தால் சர்க்கரை ஆபத்தான அளவிற்குத் தாழ்ந்துவிடும். சிறுகுறிஞ்சான், பாகற்காய்ச் சாறு, நாவல்கொட்டைப் பொடி ஆகியவற்றை இன்சுலினுக்கு மாற்றாகக் கொடுத்து நாள் கடத்த வேண்டாம்.

இரவில் அழைத்தால் எடுப்பவர் யார்?

இதனை முதல் நாளிலேயே கேட்டறியவும். பூனை உண்ண மறுத்தால், ஊசி போடும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். உண்ணாமையோடு வாந்தியும் சோர்வும் இருப்பின் இரத்தத்தில் கீட்டோன் மிகுந்திருக்கலாம். விடியும் வரை காத்திருத்தல் கூடாது. அவர் வெளியூர் செல்லும் நாட்களில் பார்ப்பவர் யார் என்பதையும் குறித்துக்கொள்ளவும்.

ஊசி போட்டபின் பூனை தள்ளாடினாலோ, துவண்டு விழுந்தாலோ, வலிப்பு ஏற்பட்டாலோ, சர்க்கரை தாழ்ந்துள்ளது எனக் கொள்ளவும். விழுங்கும் நிலையில் இருந்தால் உடனே உணவு கொடுக்கவும். இல்லையெனில் தேன் அல்லது கெட்டியான சர்க்கரைக் கரைசலை ஈறுகளில் தடவவும். வாயில் ஊற்றக் கூடாது, புரையேறும். பூனை தெளிந்துவிட்டாலும் மருத்துவரிடம் கொண்டு செல்லவும். இன்சுலின் குப்பியையும் பயன்படுத்திய சிரிஞ்சையும் உடன் எடுத்துச் சென்று அவரிடம் காட்டவும்.