ஐந்து வார இறுதிகளின் கணக்கு

மார்ச் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அமெரிக்கக் கல்லூரி ஐஸ் ஹாக்கி ரசிகர்கள் ஒரு பட்டியலுக்காகக் காத்திருப்பார்கள். முதல் பிரிவில் ஆடும் ஆண்கள் அணிகள் அறுபதுக்கும் மேல். தேசியப் போட்டியில் இடம் 16 அணிகளுக்குத்தான். ஆறு கான்ஃபரன்ஸ்கள் உண்டு. அவற்றின் சாம்பியன்களுக்கு ஆறு இடங்கள் போய்விடும். மீதிப் பத்து இடங்களை ஒரு கணக்கு முடிவு செய்கிறது. அந்தக் கணக்கு நிற்பதே அக்டோபரில் நடந்த, பலர் மறந்துவிட்ட சில ஆட்டங்களின் மேல்தான்.

கான்ஃபரன்ஸ் என்பது ஒரு வட்டாரக் கல்லூரிகள் சேர்ந்து நடத்தும் கூட்டமைப்பு; குழுமம் என்று வைத்துக்கொள்வோம். ஓர் அணி ஒரு பருவத்தில் 34 ஆட்டங்கள் வரை ஆடலாம். மிச்சிகன், மினசோட்டா, விஸ்கான்சின் போன்ற ஏழு அணிகள் உள்ள ‘பிக் டென்’ குழுமத்தில் ஒவ்வோர் அணியும் மற்ற ஆறோடு நான்கு முறை மோதுகிறது. 24 ஆட்டங்கள் தீர்ந்தன. மீதி பத்தும் பிற குழும அணிகளோடு ஆடுபவை. இவற்றைப் புற ஆட்டங்கள் என்போம். மாணவர்களுக்கு வகுப்பு இருப்பதால் பெரும்பாலும் வெள்ளி, சனிக்கிழமைகளில் ஒரே எதிரணியோடு இரண்டு ஆட்டங்கள். ஆக, பத்து ஆட்டங்கள் என்றால் ஐந்து வார இறுதிகள்.

ஐந்து வார இறுதிகளுக்கு ஏன் இத்தனை மதிப்பு? ஒரு குழுமத்துக்குள் யாராவது வென்றால் அதே குழுமத்தில் இன்னொருவர் தோற்றிருக்கிறார். ஆண்டு முழுக்க ஆடினாலும் உள்ளே வெற்றியும் தோல்வியும் சரிக்குச் சரி. உலகத்தரமான ஏழு அணிகள் மோதினாலும் குழுமத்தின் சராசரி பாதிதான். சுமாரான ஏழு அணிகள் மோதினாலும் பாதிதான். இரண்டு பள்ளிகள் தங்கள் பிள்ளைகளுக்குத் தாங்களே வினாத்தாள் தயாரித்து ரேங்க் போடுகின்றன என்று வையுங்கள். முதல் ரேங்க் வாங்கிய இருவரில் கெட்டிக்காரர் யார் என்று அந்த ரேங்க் சொல்லாது. சில பிள்ளைகளாவது பொதுவான ஒரு தேர்வை எழுதியிருக்க வேண்டும். ஹாக்கியில் அந்தப் பொதுத்தேர்வுதான் புற ஆட்டம்.

பொதுத்தேர்வை எழுதுபவர் ஒருவர், அதனால் மதிப்பெண் கூடுபவர் இன்னொருவர் என்பது அடுத்த வேடிக்கை. 2025 வரை தரவரிசையின் அடித்தளமாக இருந்த சூத்திரத்தில் உங்கள் சொந்த வெற்றி விகிதத்துக்கு 25 சதவீத எடைதான். உங்கள் எதிரணிகளின் வெற்றிக்கு 21. எதிரணிகளின் எதிரணிகளுக்கு 54! அதாவது, உங்கள் எதிரணிகள் யார் யாரோடு ஆடினவோ அந்த அணிகளின் வெற்றி தோல்விதான் உங்கள் எண்ணில் பாதிக்கும் மேல். போஸ்டன் அணி ஒன்று அக்டோபரில் மினசோட்டாவுக்குப் போய் வென்றுவிட்டு வந்தால், அன்று வீட்டில் உட்கார்ந்திருந்த அதன் குழுமத் தோழர்கள் எல்லோருக்கும் எண் சற்று ஏறும். அவர்கள் எல்லோருமே பருவம் முழுக்க அந்தப் போஸ்டன் அணியோடு ஆடப்போகிறவர்கள் அல்லவா?

2025-26 பருவத்திலிருந்து என்.பி.ஐ. என்ற புதிய எண் வந்திருக்கிறது. இது எதிரணியின் வலிமையாக அந்த எதிரணியின் என்.பி.ஐ. எண்ணையே எடுத்துக்கொள்கிறது. அதைக் கண்டுபிடிக்க அதன் எதிரணிகளின் எண் தெரிய வேண்டும். அதற்கு அவற்றின் எதிரணிகளின் எண். வாலைக் கடிக்கும் பாம்புதான். ஒரு தோராய எண்ணில் தொடங்கி, மறுபடி மறுபடி கணக்கிட்டு, எண்கள் அசையாமல் நின்றதும் கணினி ஓய்கிறது. மிகப் பலவீனமான அணியை வென்றதால் உங்கள் எண் குறையுமானால், அந்த வெற்றியையே சூத்திரம் ஒதுக்கிவிடும். ஜெயித்ததற்குத் தண்டனை கூடாது என்கிற இந்த நியாயம் எனக்குப் பிடித்திருக்கிறது.

இவ்வளவு நுட்பமான கணக்குக்கு மூலப்பொருள் எப்படி வருகிறது தெரியுமா? குழும ஆட்டங்களுக்கு அட்டவணை போட அலுவலகம் உண்டு. புற ஆட்டங்களுக்கு அப்படி யாரும் இல்லை. பயிற்சியாளர்களும் உதவிப் பயிற்சியாளர்களும் ஒருவருக்கொருவர் போன் போட்டுப் பேசி முடிப்பதுதான், அதுவும் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகள் முன்னதாக. வழக்கமான பேரம், “இந்த வருஷம் நீங்க இங்க வாங்க, அடுத்த வருஷம் நாங்க அங்க வர்றோம்.” பதினோராயிரம் பேருக்கு மேல் உட்காரும் அரங்கம் வைத்திருக்கும் வடக்கு டகோட்டா போன்ற கல்லூரிக்குச் சொந்த ஊரில் ஆடினால் டிக்கெட் வருமானம். சின்னக் கல்லூரிக்குப் பயணச் செலவே சுமை. அதனால் பெரியவர் சின்னவருக்கு ஒரு தொகை கொடுத்து வரவழைப்பதும் உண்டு. கையெழுத்தாகும் ஒப்பந்தத்தில் தேதி, நேரம், தொகை, இலவச டிக்கெட்டுகள், கடைசி நேரத்தில் கைவிட்டால் கட்ட வேண்டிய அபராதம் எல்லாம் இருக்கும்.

எல்லாரும் சொந்த ஊரிலேயே ஆட ஆசைப்பட்டால் என்ன ஆவது? பழைய சூத்திரம் அதற்கும் வழி வைத்திருந்தது. சொந்த ஊர் வெற்றிக்கு 0.8 எடை, எதிரணி ஊரில் வென்றால் 1.2. பஸ் ஏறிப் போகிறவனுக்கு ஒன்றரை மடங்கு கூலி.

இனி அலாஸ்கா. அங்கே ஃபேர்பேங்க்ஸ், ஆங்கரேஜ் என இரண்டு அணிகள். அவை இருந்த பழைய குழுமம் 2021இல் கலைந்தது. அதன்பின் எந்தக் குழுமமும் இல்லாத தனி அணிகள் ஆயின. மற்றவர்களுக்குப் புற ஆட்டம் பத்து என்றால் இவர்களுக்கு எல்லாமே புற ஆட்டம். போஸ்டனிலிருந்து ஃபேர்பேங்க்ஸ் 5,000 கிலோமீட்டருக்கும் மேல். யார் போவார்கள்? விதியில் ஒரு சலுகை இருக்கிறது: அலாஸ்காவில் ஆடும் ஆட்டங்கள், விருந்தாளி அணியின் 34 என்ற வரம்பில் சேராது. இரண்டு ஆட்டங்கள் இனாம்.

தூரத்தைச் சமாளித்தாயிற்று. ஜனவரி, பிப்ரவரியில் எல்லோரும் குழும ஆட்டங்களில் மூழ்கியிருக்கும்போது தனி அணியோடு ஆட யார் இருக்கிறார்கள்? இங்கே ஒற்றைப்படை எண் கைகொடுக்கிறது. ஏழு அணிகளைச் சோடி சேர்த்தால் மூன்று சோடி போக ஒன்று தனியாக நிற்கும். பிக் டென்னுக்குள் ஒவ்வொரு சோடியும் இரண்டு வார இறுதிகள் மோத வேண்டும். மொத்தம் 42 தொடர்கள். வாரத்துக்கு மூன்று வீதம் நடந்தால் 14 வாரங்கள். ஓர் அணி ஆடுவது 12 வாரங்கள்தான். மிஞ்சிய இரண்டு வாரங்களில் அதற்குச் சோடி கிடையாது. பதினோர் அணிகள் உள்ள ‘ஹாக்கி ஈஸ்ட்’ குழுமத்திலும் இதே கதை. இந்த ஓட்டைகளைத் தேடிப்பிடித்துத்தான் தனி அணிகள் தங்கள் ஜனவரியை நிரப்பப் பார்க்கின்றன.

ஹார்வர்டு, யேல், கார்னெல் உள்ளிட்ட ஆறு ஐவி லீக் அணிகள் இன்னொரு சிக்கல். அவை பருவத்தைத் தாமதமாகத் தொடங்கி 29 ஆட்டங்களோடு நிறுத்திக்கொள்கின்றன. குழும ஆட்டங்கள் 22 போக ஏழுதான் மிச்சம். அதிலும் ஹார்வர்டுக்கு இரண்டு ‘பீன்பாட்’டுக்குப் போய்விடும். போஸ்டன் வட்டாரத்தின் நான்கு கல்லூரிகள் 1952இல் தொடங்கிய போட்டி அது; நடப்பது பிப்ரவரியின் முதல் இரண்டு திங்கட்கிழமைகளில். திங்கள் ஏன்? வார இறுதிகளில் குழும ஆட்டங்கள் இருக்கின்றன. நான்கும் ஒரே வட்டாரம் என்பதால் வேலைநாளில் ஆடிவிட்டு வீடு திரும்பலாம். இதில் மோதும் மூன்று அணிகள் ஒரே குழுமத்தைச் சேர்ந்தவை. ஆனாலும் பீன்பாட் ஆட்டம் குழுமப் புள்ளிப் பட்டியலில் ஏறாது. தேசியக் கணக்கில் மட்டும் ஏறும்.

புற ஆட்டங்கள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கொரோனா காட்டியது. 2020-21 பருவத்தில் பயணத்தைத் தவிர்க்க அநேகமாக எல்லா அணிகளும் தத்தம் குழுமத்துக்குள்ளேயே ஆடின. ஐவி லீக் அணிகள் ஆடவே இல்லை. பாலங்கள் அறுந்ததும் குழுமங்கள் தனித்தனித் தீவுகளாயின. எந்தத் தீவு உயரம் என்று சொல்ல எண்களால் முடியவில்லை. தேர்வுக் குழு தன் சொந்த மதிப்பீட்டை நம்பித்தான் அணிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. பிட்ஸ்பர்கில் நடந்த இறுதி ஆட்டத்தில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகம் 5-0 என்று செயின்ட் கிளவுட் ஸ்டேட்டை வீழ்த்தியது. அடுத்த அக்டோபரில் புற ஆட்டங்கள் திரும்பின. மார்ச்சில் கணக்கும் பழையபடி வேலை செய்தது.